வாசற்படிக்கு உள்ளே: பிள்ளை வளர்ப்பை வீடு தேடிச் சென்று கற்றுத்தருவது குறித்து

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுகிற இடத்தில் இருக்கிறது இருக்கன்குடி. ஆடி கடைசி வெள்ளியன்று சாத்தூரிலிருந்து அந்த ஊருக்குப் போகும் பாதை முழுக்க மனிதத் தலைகள்தான். அக்கினிச்சட்டி ஏந்துபவர்கள், ஆயிரங்கண் பானை எடுப்பவர்கள், கரிசல் காட்டு ஊர்களிலிருந்து நடந்தே வந்து சேர்பவர்கள். பிள்ளை வரம் கேட்டு நேர்ந்துகொண்டவர்களும், வரம் பலித்து முடியிறக்கக் கொண்டு வருபவர்களும் அந்தக் கூட்டத்தில் நிறைய உண்டு. முடியிறக்கும் இடத்தில் சற்று நேரம் நின்று பார்க்கலாம். கத்தி பட்டதும் பிள்ளை வீறிடும். மாமன் மடியில் வைத்து இறுக்கிப் பிடிப்பார். அம்மா முதலில் கொஞ்சுவாள். பிறகு கெஞ்சுவாள். அதன் பிறகு, “அழுதன்னா பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்” என்பாள். கடைசியில் முதுகில் ஒன்று வைப்பாள். பல வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளையாகவும் அது இருக்கும்.

அந்த அடியில் வெறுப்பு கிடையாது. கொஞ்சல், கெஞ்சல், பயமுறுத்தல், அடி என்று அவளுக்குக் கைவசம் இருந்த வழிகள் நான்கு. மூன்று தீர்ந்ததும் நான்காவது வந்தது. அவளுடைய அம்மாவுக்கும் இதே நான்குதான் தெரிந்திருக்கும். அன்பு குறைந்து அடிப்பவர்களைவிட வழி தெரியாமல் அடிப்பவர்களே மிக அதிகம் என்பதைக் குழந்தைகள் மீதான வன்முறை பற்றிய அரை நூற்றாண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வழி தெரியாதவர்க்கு வழி சொல்லித்தர முடியும். அதை மேடை போட்டுச் சொல்வதா, துண்டறிக்கையில் சொல்வதா, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதா, யார் சொல்வது, எப்போது சொல்வது என்பவைதான் மிச்சமிருக்கும் கேள்விகள். இந்தக் கேள்விகளைக் கேட்க, இருக்கன்குடியும் சிவகாசியும் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் குறைவு. பிள்ளைகளுக்காகச் சட்டமும் நீதிமன்றமும் இவ்வளவு தூரம் வந்து போன மாவட்டம் தமிழ்நாட்டில் வேறொன்று உண்டா என்பது சந்தேகம்.

ஆலை வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை

1923ஆம் ஆண்டு சிவகாசியைச் சேர்ந்த சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் பூமியில் அந்தத் தொழில் வேர்பிடித்தது. அதைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. விவசாயம் கைவிட்ட குடும்பங்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் சோறு போட்டது. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறுவிரல்கள் வசதி என்று கண்டுகொண்ட தொழில், பிள்ளைகளையும் சேர்த்தே உள்ளே இழுத்துக்கொண்டது. விடியுமுன் ஊர் ஊராக வந்த வண்டிகள், தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போயின.

1976இல் அப்படிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வண்டி ஒன்று விபத்துக்குள்ளாகிப் பிள்ளைகள் இறந்த பிறகே அரசு ஹர்பன்ஸ் சிங் குழுவை அமைத்தது. 1980களில் சிவகாசி வட்டாரத்தில் 45,000 பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்ற மதிப்பீடு பரவலாக எடுத்துக்காட்டப்பட்டது. 1983இல் ஸ்மிது கோத்தாரி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை நாட்டின் கவனத்தை இந்தப் பக்கம் திருப்பியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் முதலில் தொடங்கப்பட்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அந்தப் பிள்ளைகளின் முகங்களை உலகத்துக்குக் காட்டியது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயகரமான தொழிலில் வைத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

இவையெல்லாம் வீண்போகவில்லை. காமராசர் தொடங்கி இன்றுவரை விரிந்துகொண்டே வரும் பள்ளிச் சாப்பாடும், பஸ் பாஸும், சீருடையும், 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் சேர்ந்து பிள்ளைகளை ஆலை வாசலிலிருந்து பள்ளி வாசலுக்குத் திருப்பின. இன்று விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளையின் நாள் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையில் கழிகிறது.

ஆலைக்குள்ளும் பள்ளிக்குள்ளும் நுழைந்த சட்டம், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பள்ளியில் ஆசிரியர் பிள்ளையை அடிப்பதைத் தடை செய்கிறது. வீட்டில் அடிப்பதற்கு அப்படி நேரடித் தடை இல்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு பாதுகாவலர் செய்யும் செயல் குற்றமாகாது என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு சொன்னது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விலக்கு தொடர்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றது. ஆனால் பள்ளி நேரம் போக, அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அதிலும் வீட்டுக்கு ஒரு விலக்கு. 2015இன் சிறார் நீதிச் சட்டம் 75ஆவது பிரிவில், பொறுப்பிலுள்ளவர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. அந்தப் பிரிவு பெரும்பாலும் நினைவுக்கு வருவது, சூடு வைத்த தழும்பு ஆஸ்பத்திரியில் வெளிப்பட்ட பிறகுதான்.

சட்டம் காயத்துக்குப் பின்னால் வருவது. காயத்துக்கு முன்னால் வீட்டுக்குள் போகக்கூடியவர் வேறு ஆளாக இருக்க வேண்டும்.

அடி எங்கிருந்து வருகிறது

மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் பேசி எழுதப்பட்டது. மூன்றில் இரண்டு பிள்ளைகள் உடல்ரீதியான வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். குடும்பத்துக்குள் அடிபட்ட பிள்ளைகளில் 88.6 சதவீதத்தினரை அடித்தவர்கள் பெற்றோர். அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆனாலும் “முருங்கையை ஒடிச்சு வளக்கணும், பிள்ளையை அடிச்சு வளக்கணும்”, “அடியாத மாடு படியாது” என்று பழமொழி வைத்திருக்கும் நாம், அந்தக் கணக்கு நம்மைப் பற்றியது இல்லை என்று சொல்லிவிட முடியாது. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது “கண்ண மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிருங்க சார்” என்று சொன்ன அப்பாக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பால்வாடியில் இருக்கிறார்கள்.

அடி ஏன் பழக்கமாகிறது என்பதை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஆய்வு செய்த ஜெரால்ட் பேட்டர்சன், 1982இல் வெளியான நூலில் நுணுக்கமாக விளக்கினார். பிள்ளை அடம்பிடிக்கிறது. அம்மா கத்துகிறாள். பிள்ளை இன்னும் உரக்க அழுகிறது. அம்மா அடிக்கிறாள். பிள்ளை அடங்குகிறது. அடித்தால் அடங்கும் என்று அம்மா அன்றைக்குக் கற்றுக்கொள்கிறாள். மறுநாள் அவள் அலுத்துப்போய்க் கேட்டதைக் கொடுத்துவிட்டால், இன்னும் கொஞ்சம் உரக்க அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகி ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏறுகிறார்கள். கையால் அடித்தது கரண்டிக்கும், கரண்டி பெல்ட்டுக்கும் போவது இப்படித்தான். முதல் படியில் இருப்பவர்களில் யாருக்கும் கடைசிப் படிவரை போகும் எண்ணம் இருப்பதில்லை.

இந்தப் படிக்கட்டில் சீக்கிரம் ஏறவைக்கும் சங்கதிகள் சிவகாசி வட்டாரத்து வீட்டில் பல உண்டு. பட்டாசு ஆலையில் பல வேலைகளுக்குக் கூலி பீஸ் ரேட்டில். செய்த எண்ணிக்கைக்குத்தான் காசு. எனவே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் நின்றால் அந்த நாள் சம்பளம் போச்சு. விடிகாலையில் சமைத்து, வண்டி பிடித்து, கரிமருந்தும் அலுமினியப் பவுடரும் ஒட்டிய உடம்போடு பொழுது சாயத் திரும்பும் பெண்ணுக்கு அடுத்த வேலை குடத்தோடு காத்திருக்கிறது. மழைக்காலத்தில் வேலை குறையும், தீபாவளி முடிந்தால் ஆலை கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும், முன்பணக் கடன் மட்டும் மூடுவதில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடை விதித்ததும் ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. அந்த மாதங்களில் வீட்டிலிருந்த ஒவ்வொருவருக்கும் கோபம் இருந்தது. வீட்டில் எல்லோரையும்விடச் சிறியவர் யாரோ, அந்தக் கோபம் கடைசியில் அவரிடம் போய்ச் சேரும்.

விபத்துகள் இன்னொரு வகை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு வெடிவிபத்துக்கும் பிறகு நிவாரணத் தொகை செய்தியாகிறது. அம்மாவையோ அப்பாவையோ இருவரையுமோ இழந்த பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு அறுபது வயது அப்பத்தாவின் மடியில் விழுவது செய்தியாவதில்லை. மகனை இழந்த துக்கம் ஆறாத ஒருத்தி, இரவில் எழுந்து அலறும் பேரனைச் சமாளிக்க வேண்டும். அவளுக்கு அதை யார் சொல்லித்தந்தார்கள்?

வீடு தேடிப் போன நர்சுகள்

1962இல் ஹென்றி கெம்ப் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தவறி விழுந்தது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் எலும்பு முறிவுகளுக்குப் பின்னால் பெற்றோரின் கைகள் இருப்பதை எடுத்துக்காட்டிய கட்டுரை அது. அதன்பின் உலகம் இரண்டு திசையில் போனது. ஒன்று, புகாரும் வழக்கும். மற்றொன்று, புகார் எழுவதற்கு முன்பே வீட்டுக்குப் போவது.

இரண்டாவது திசையில் முக்கியமான சோதனை நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிற்றூரில் நடந்தது. 1970களின் பிற்பகுதியில் டேவிட் ஓல்ட்ஸ், முதல் பிள்ளை உண்டான 400 பெண்களைச் சேர்த்தார். குலுக்கல் முறையில் ஒரு பகுதிப் பெண்களின் வீடுகளுக்கு நர்சுகள் போனார்கள். கர்ப்ப காலத்தில் சராசரியாக ஒன்பது முறை, பிள்ளைக்கு இரண்டு வயது முடிவதற்குள் இருபத்துமூன்று முறை. உடம்பைக் கவனிப்பது, பிள்ளை அழுவதன் அர்த்தம், அந்தப் பெண்ணின் படிப்பும் வேலையும் என்று எல்லாவற்றையும் பேசினார்கள். பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, நர்ஸ் தொடர்ந்து போய்வந்த குடும்பங்களில் உறுதிசெய்யப்பட்ட வன்கொடுமை, புறக்கணிப்புப் புகார்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதியளவே இருந்தன.

இந்த வெற்றிக் கதையோடு நின்றுவிட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். அதே எல்மைராக் குடும்பங்களை மறுபடி ஆராய்ந்தபோது, கணவன் மனைவிக்கு இடையே அடிதடி மிகுதியாக இருந்த வீடுகளில் நர்ஸ் போனதால் பிள்ளைக்குப் பயன் விளையவில்லை என்று தெரியவந்தது. ஹவாய்த் தீவுகளில் 1985இல் தொடங்கிய திட்டம் நர்சுகளுக்குப் பதிலாகக் குறுகியகாலப் பயிற்சி பெற்ற பணியாளர்களை வீடுகளுக்கு அனுப்பியது. அமெரிக்கா முழுக்க அதைப் பின்பற்றினார்கள். 2004இல் வெளிவந்த மதிப்பீடு, பிள்ளைகள் மீதான வன்முறையை அது பெரிதாகக் குறைக்கவில்லை என்றது. வீட்டில் நடக்கும் அடிதடி, குடி, தாயின் மனச்சோர்வு ஆகியவற்றைப் பணியாளர்கள் பல நேரம் கண்டுகொள்ளவே இல்லை. கண்டபோதும் அடுத்து எங்கே அனுப்புவது என்று தெரியாமல் நின்றார்கள்.

அப்படியானால் படித்த நர்ஸ் இல்லாத ஏழை நாடுகள் என்ன செய்வது? அதற்கு ஜமைக்கா பதில் சொன்னது. கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 1986-87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மக்கிரிகர் குழு சேர்த்தது. அவர்களில் ஒரு பகுதிக் குழந்தைகளின் வீடுகளுக்குச் சமுதாய சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சென்றார்கள். கையில் இருந்தவை மூடிகளிலும் டப்பாக்களிலும் செய்த பொம்மைகள், சில படப் புத்தகங்கள். அம்மாவுக்குப் பாடம் நடத்தவில்லை. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து விளையாடவைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகள் ஒப்பீட்டுக் குழுவைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அடிதடியில் ஈடுபடுவதும் அவர்களிடம் குறைவாக இருந்தது. பின்னாளில் ஒடிசாவில்கூட அந்தப் பாடத்திட்டம் உள்ளூருக்கு ஏற்ப மாற்றி நடத்திப் பார்க்கப்பட்டது.

மூன்று ஊர்களின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் சில விதிகள் தெளிகின்றன. பிள்ளை பிறக்கும் முன்பே போகத் தொடங்க வேண்டும். ஒரே ஆள் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அறிவுரையைவிடச் செய்துகாட்டுவது மேல். பெண்ணை அடிக்கும் வீட்டில் பிள்ளை வளர்ப்பை மட்டும் பேசிப் பயனில்லை. போகிறவருக்குப் பின்னால் ஓர் அமைப்பு நிற்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஏழு உத்திகளில் பெற்றோருக்குத் துணைநிற்பதும் ஒன்று. மற்ற ஆறோடு சேர்த்துத்தான் அதுவும் சொல்லப்பட்டது.

நம் கையில் இருப்பவை

வீடு தேடிப் போவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மதுரைப் பக்கத்தில் ஆரம்பித்துத் தென் மாவட்டங்களுக்குப் பரவியது. ஊரைச் சேர்ந்த பெண்ணே மாதாமாதம் பிள்ளைகளை எடைபோட்டு அட்டையில் கோடு வரைந்தாள். கோடு கீழே இறங்கினால் அந்த வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசினாள். கடும் ஊட்டச்சத்துக் குறை கணிசமாகக் குறைந்தது. சீம்பால் கொடுக்கக் கூடாது, பேதியானால் தண்ணீர் காட்டக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாக இருந்த பழக்கங்களை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியே மாற்றிக்காட்டிய நாடு இது. “எங்க காலத்துல இதெல்லாம் பாத்தமா?” என்று அன்றைக்கும் மாமியார்கள் கேட்டார்கள். நர்சம்மா சிரித்துக்கொண்டே திரும்பத் திரும்பப் போனார்.

இன்று தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. கர்ப்பத்தைப் பதிவு செய்வதிலிருந்து தடுப்பூசி போடுவது வரை கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு தாயையும் பெயர் சொல்லி அறிவார். அங்கன்வாடியில் சமுதாய வளைகாப்பு நடக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அதே ஆண்டு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களை உட்காரவைத்தது. 2018 முதல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களுக்கென நடத்தும் முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த இரண்டில் விருதுநகர் ஒன்று, ராமநாதபுரம் மற்றொன்று. மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வளர்ச்சித் தூண்டல் தருவதற்கான ‘நவசேதனா’ வழிகாட்டியையும் மத்திய அரசு 2024இல் வெளியிட்டிருக்கிறது.

ஆள் உண்டு, வழி உண்டு, வீட்டுக் கதவும் திறந்திருக்கிறது. அந்தக் கதவுக்குள் போகிறவர் எடையும் உயரமும் தடுப்பூசித் தேதியும் கேட்கிறார். “ராத்திரி பிள்ளை அழுதா என்ன செய்யற தாயி?” என்று கேட்பதற்கு அவருடைய பதிவேட்டில் இடம் இல்லை.

என்ன பேசுவது

பச்சைக் குழந்தையின் அழுகை பிறந்த சில வாரங்களில் கூடிக்கொண்டே போய், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். இது தெரியாத தாய் தன் பாலில் குறை என்று எண்ணுகிறாள். தெரியாத தகப்பன், பிள்ளை வேண்டுமென்றே அழுகிறது என்று எண்ணித் தூக்கி உலுக்குகிறான். பச்சைக் குழந்தையை உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம், உயிரே போகலாம். தாங்க முடியவில்லை என்றால் பிள்ளையைப் பத்திரமாகத் தொட்டிலில் விட்டுவிட்டு ஐந்து நிமிடம் வாசலில் போய் நில், பக்கத்து வீட்டு மதினியைக் கூப்பிடு. வளைகாப்பு அன்றைக்கே சொல்லிவைக்க வேண்டிய பாடம் இது.

ஒன்றரை வயதில் பிள்ளை எல்லாவற்றையும் தூக்கி எறியும். இரண்டு வயதில் எதற்கெடுத்தாலும் மாட்டேன் என்னும். மூன்று வயதிலும் இரவில் பாயை நனைக்கும். இவை வளர்ச்சியின் பகுதிகள். திமிர் என்று நினைத்தால் கை ஓங்கும், வயசு என்று தெரிந்தால் கை இறங்கும். அந்தந்த வயதில் பிள்ளையால் என்ன முடியும், என்ன முடியாது என்று பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது, எல்மைராவிலிருந்து ஜமைக்கா வரை எல்லாத் திட்டங்களிலும் இருந்த பொதுப்பாடம்.

அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு மாற்று சொல்லாமல் போகிறவரை எந்த அம்மாவும் இரண்டாம் முறை வரவேற்க மாட்டாள். எனவே மாற்று வழிகள் கைக்கெட்டியவையாக இருக்க வேண்டும். வேலைவிட்டு வந்ததும் குடத்தைத் தூக்குமுன் பத்து நிமிடம் பிள்ளையோடு மட்டும் உட்காருவது. செய்யாதே என்பதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. நல்லது செய்யும்போது கவனித்துப் பாராட்டுவது. அடம்பிடிக்கும்போது கொடுக்காமல் இருந்தால் கடைசிவரை கொடுக்காமல் இருப்பது. பேட்டர்சன் சொன்ன அந்தப் படிக்கட்டை இந்தச் சின்ன விஷயங்கள்தான் முதல் படியிலேயே உடைக்கின்றன.

பாலியல் சீண்டல் பற்றிய பேச்சுதான் மிகக் கடினம். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுதோறும் வெளிவரும் தேசியக் குற்றப் பதிவு ஆவணங்களில், இந்தக் குற்றங்களைச் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிள்ளைக்குத் தெரிந்தவர்களே. உறவு, பக்கத்து வீடு, வண்டிக்காரர் என்று. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போன வீட்டில் பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்வியை நர்சம்மா சாதாரணமாகக் கேட்க முடியும். உடம்பின் எல்லா உறுப்புக்கும் பெயர் சொல்லிக்கொடுப்பது, ரகசியமாக வைத்துக்கொள் என்று யார் சொன்னாலும் அம்மாவிடம் சொல் என்பது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளை வந்து சொன்னால் முதலில் நம்புவது. அப்படிச் சொன்ன பிள்ளைக்கு முதலில் விழுவது அம்மாவின் அடியாக இருக்கக் கூடாது. சென்னையின் துளிர் அமைப்பு 2004 முதல் இந்தப் பேச்சைத் தமிழில் பேசிவருகிறது. எனவே சொற்களுக்குப் பஞ்சமில்லை.

இந்தப் பேச்சு முழுவதும் அம்மாவோடு மட்டும் நடந்தால் பாதிதான் நடந்ததாக அர்த்தம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதத்தினர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அப்பாக்கள் வீட்டில் இருக்கும் நாள் ஞாயிறு. சம்பளம் கையில் வரும் நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை மாலைக்கும் டாஸ்மாக்குக்கும் உள்ள உறவை இந்த ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆண்களோடு பேச ஓர் ஆண் சுகாதாரப் பணியாளர் போகாத திட்டம், எல்மைராவின் தோல்வியடைந்த பாதியை இங்கே மறுபடி நடத்திக்காட்டும்.

சில ஆட்சேபங்கள்

“எங்கப்பா என்னைய அடிக்காத அடியா? நான் என்ன கெட்டா போயிட்டேன்?” இது அடிக்கடி கேட்கும் வாதம். கெட்டுப்போகாமல் வந்தவர்கள்தான் இந்த வாதத்தைச் சொல்ல மேடையில் இருப்பார்கள். அடிக்குப் பயந்து ஒன்பதாம் வகுப்பில் ஓடிப்போனவர் இங்கே இல்லை. அடித்த அப்பா நல்லவராகவும் இருந்திருக்கலாம், சோறு போட்டிருக்கலாம், படிக்க வைத்திருக்கலாம். பிள்ளையை ஆளாக்கியது அந்தச் சோறும் படிப்பும்.

வீட்டுக்குள் அரசு மூக்கை நுழைப்பதா என்பது இரண்டாவது ஆட்சேபம். இதில் நியாயம் இருக்கிறது. ஏழை வீட்டுக்கு மட்டும் ஆள் அனுப்பினால் அது கண்காணிப்பாகிவிடும். பிரசவிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும், வாத்தியார் வீட்டுக்கும் ஆலை முதலாளி வீட்டுக்கும் சேர்த்துப் போனால் அது உபசாரம். ஸ்வீடன் 1979இல் உலகில் முதன்முதலாக வீட்டிலும் பிள்ளையை அடிப்பதைத் தடை செய்தபோது, அந்தச் செய்தியைப் பால் பாக்கெட்டில் அச்சிட்டு எல்லா வீட்டுக்கும் அனுப்பியது. யாரையும் தனியே சுட்டவில்லை. அதே சமயம், போக்சோ குற்றம் தெரியவந்தால் தகவல் சொல்வது சட்டப்படி கட்டாயம். நர்சம்மா இதை முதல் நாளே தாயிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1098 என்ற எண்ணையும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் பணியாளர்களுடையது. அதற்கு இன்னும் பதில் சொல்லப்படவில்லை. அங்கன்வாடி ஊழியருக்கு சமையல், முன்பருவக் கல்வி, போஷன் டிராக்கர் செயலி, பதிவேடுகள், தேர்தல் வந்தால் அந்த வேலை என்று ஏற்கெனவே தலைக்கு மேல் சுமை. அதற்கு மேல் இன்னொரு பயிற்சியும் இன்னொரு படிவமும் கொடுத்தால் ஹவாயில் நடந்ததுதான் நடக்கும். வருகை பதிவாகும், பேச்சு நடக்காது. மையத்துக்கு ஒருவர் என்று வீட்டுச் சந்திப்புக்கென்றே தனி ஆள் வேண்டும். உள்ளூர்ப் பெண்ணாக, முறையான சம்பளத்தோடு, மாதம் ஒருமுறை மேற்பார்வைச் செவிலியரிடம் மனம்விட்டுப் பேசும் ஏற்பாட்டோடு.

பட்டாசு ஆலைக் கூலியும் சேர்ந்து உயர வேண்டும், ஆலையோடு சேர்ந்து பிள்ளைக் காப்பகம் வேண்டும், சனிக்கிழமை சம்பளம் வங்கிக் கணக்குக்கு வேண்டும் என்பதெல்லாம் இதோடு சேர்ந்த கோரிக்கைகள். பெற்றோருக்குப் பாடம் சொல்லிவிட்டு அவர்கள் களைப்புக்குக் காரணமானவற்றைத் தொடாமல் விட்டால், வறுமையின் குற்றத்தையும் தாய் தலையில் கட்டியதாக ஆகும்.

அங்கன்வாடிப் பதிவேட்டில் பிள்ளையின் எடைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. உயரத்துக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, சத்துமாவுக்கு ஒன்று. அம்மாவோடும் அப்பாவோடும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியதற்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அந்த அரை மணி நேரத்துக்கு ஆளையும் சம்பளத்தையும் அரசு ஒதுக்க வேண்டும். முதலில் விருதுநகர் மாவட்டத்தில் தொடங்கலாம். அடுத்த ஆடிக்கு இருக்கன்குடியில் முடியிறக்க வரும் தாயிடம் ஐந்தாவதாக ஒரு வழி இருக்கட்டும்.